சாய்ந்த கூரையில் சீலிங் ஃபேன்: கூரைதான் சாய்வு, ஃபேன் சாயாது

தென்காசிப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டு முன்னறைக்கு ஓட்டுக்கூரை. நல்ல உயரம், முகட்டிலிருந்து சரிந்து இறங்குகிற தேக்குக் கைமரம், மேலே மங்களூர் ஓடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், மேஜை ஃபேன் போதவில்லை என்று சித்தி சொல்லிச் சொல்லி, கடைசியில் 48 அங்குல சீலிங் ஃபேன் ஒன்று வந்தது. எலக்ட்ரீஷியன் இருபது நிமிஷத்தில் மாட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரெகுலேட்டரை 2-இல் வைத்தால் சாதுவாகச் சுற்றியது. 4-இல் வைத்தால் லேசாகத் தலையாட்டியது. 5-க்குத் திருப்பியதும் சாமி வந்தமாதிரி ஆட ஆரம்பித்தது. கூடவே ஓட்டுக்கும் றெக்கைக்கும் நடுவே 'வுப் வுப்' என்று ஒரு சத்தம். சித்தப்பா கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்து, "ஏல, இது காத்து வாங்கவா, இல்ல ஓட்டைப் பிரிக்கவா?" என்றார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ஃபேன் சரியில்லை என்றார். கடைக்காரர் மாட்டினது சரியில்லை என்றார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூரை இறங்கும் பக்கத்தில், றெக்கையின் நுனிக்கும் கைமரத்துக்கும் இடையே இரண்டு அங்குலம்கூடச் சரியாக இல்லை. ஃபேன் மேல் தப்பில்லை. தட்டையான கூரைக்கு மாட்டுகிற அதே கணக்கில், பெட்டியோடு வந்த ராடைப் போட்டுச் சாய்ந்த கூரையில் மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓட்டு வீடு, மொட்டைமாடியில் போட்ட ஷீட் கொட்டகை, வீட்டை ஒட்டி இறக்கின சார்பு, இப்போது புதுசாகக் கட்டுகிற சரிவுக் கான்கிரீட் வீடு என்று எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. ஃபேனை நீங்களே மாட்டச் சொல்லவில்லை. வயரிங் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் எந்த ராடு, எந்த இடம், எதில் தொங்கப்போகிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால், எங்கள் வீட்டு முன்னறைக் கதை உங்கள் வீட்டில் நடக்காது.

ஃபேன் ஒரு தூக்குக்குண்டு

கொத்தனார் கையில் தூக்குக்குண்டு பார்த்திருப்பீர்கள். சுவர் எப்படி இருந்தாலும் நூல் நேர்க்குத்தாகத்தான் நிற்கும். நம் ஊர் சீலிங் ஃபேனும் அதே ஜாதிதான். கூரையில் ஒரு கொக்கி. ராடின் மேல் முனையில் ஒரு இரும்புக் கவ்வி. அதற்குள் போல்ட்டில் கோத்த ஒரு ரப்பர் உருளை. அந்த உருளை கொக்கியில் உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கமும் அசையக்கூடிய மூட்டு அது. அதனால் கூரை எத்தனை டிகிரி சாய்ந்திருந்தாலும் ஃபேன் நேராகவே தொங்கும், றெக்கைகள் தரைக்குச் சமமட்டமாகவே சுற்றும்.

"சாய்வுக் கூரைக்கு ஸ்பெஷல் ஃபேன் வேணுமா?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். கொக்கியில் தொங்குகிற சாதாரண ஃபேன் போதும். சிக்கல் வருவது, கூரையோடு தகட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற மாடல்களில். அலங்கார ஃபேன் என்று விற்கிறவை பல இந்த வகை. அவற்றில் சிலவற்றில் ராடின் தலையில் பந்துபோல ஒரு உருண்டை இருக்கும், அது தகட்டில் உள்ள கிண்ணத்துக்குள் உட்காரும். அந்தப் பந்து ஒரு அளவுவரைதான் திரும்பும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது பெட்டிக்குள் இருக்கிற தாளில் எழுதியிருக்கும், வாங்குவதற்கு முன்னாலேயே அதைப் படித்துவிடுங்கள். ராடே இல்லாமல் கூரையோடு ஒட்டி உட்காருகிற குட்டை ஃபேன்களைச் சாய்வுக் கூரைக்குக் கனவிலும் நினைக்கவேண்டாம். கூரையோடு சேர்ந்து அவையும் சாயும்.

ஃபேன் நேராகத் தொங்குகிறது, கூரை நேராக இல்லை. மீதி எல்லாச் சிக்கலும் இதிலிருந்து கிளம்புவதுதான்.

ராடு எவ்வளவு நீளம்?

கொக்கிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு பக்கம் கூரை மேலேறுகிறது, அங்கே இடம் தாராளம். மறு பக்கம் இறங்குகிறது. றெக்கை சுற்றி அந்தப் பக்கம் வரும்போதுதான் இடிக்கும். 48 அங்குல ஃபேன் என்றால் (பெட்டியில் 1200 மி.மீ. என்று போட்டிருக்கும்) நடுவிலிருந்து நுனிவரை 24 அங்குலம், அதாவது இரண்டு அடி. ஆக, கொக்கியிலிருந்து இரண்டு அடி தள்ளி, இறக்கத்துப் பக்கம் கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இதற்கு முக்கோணவியல் எல்லாம் வேண்டாம். ஆசாரிமார் கூரைச் சரிவை 'அடிக்கு இத்தனை அங்குலம்' என்றுதான் சொல்வார்கள், அதுவே நமக்கும் வசதி. ஒரு ரசமட்டத்தை எடுத்துக் கைமரத்தின் அடியில் பிடியுங்கள். குமிழ் நடுவில் நிற்கும்போது, இறக்கத்துப் பக்கத்து முனை மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், மறு முனைக்கும் மரத்துக்கும் இடையே சந்து விழும். தொட்ட இடத்திலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி, மட்டத்திலிருந்து மரம்வரை நேர்மேலே டேப் பிடித்தால் வருகிற அங்குலம்தான் சரிவு. ரசமட்டம் இல்லையென்றால் போனில் உள்ள மட்டம் பார்க்கிற ஆப்பைத் திறந்து மரத்தில் ஒட்டிவைத்தால் டிகிரி காட்டும். 15 டிகிரி என்றால் அடிக்குச் சுமார் 3¼ அங்குலம், 20 என்றால் 4½-ஐ ஒட்டி, 30 என்றால் 7, 45 என்றால் 12.

இப்போது கணக்கு. 48 அங்குல ஃபேனுக்கு அந்தச் சரிவை இரண்டால் பெருக்குங்கள். இறக்கத்துப் பக்கம் கூரை அவ்வளவு தாழ்கிறது. அதோடு, றெக்கைக்கும் கூரைக்கும் நடுவே காற்று இறங்க ஒரு அடி சேருங்கள். இந்த ஒரு அடி என் கற்பனை இல்லை. றெக்கைக்கும் சீலிங்குக்கும் இடையே சுமார் 0.3 மீட்டர் விடச் சொல்லி இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பே பேசுகிறது. ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை, மேலே இருப்பதை இழுத்துக் கீழே தள்ளுகிறது. மேலே இடம் இல்லாவிட்டால் எதை இழுக்கும்? சாய்வுக் கூரையில் இன்னொரு வினையும் உண்டு. ஒரு பக்கம் தாராளமாக இழுக்கும், மறு பக்கம் மூச்சுத் திணறும். ஒவ்வொரு றெக்கையும் ஒவ்வொரு சுற்றிலும் இந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் கடக்கிறது. எங்கள் முன்னறையில் கேட்ட 'வுப் வுப்', அந்த ஆட்டம் எல்லாம் அதனால் வந்ததுதான்.

சித்தப்பா வீட்டுக் கூரைச் சரிவு அடிக்கு 7 அங்குலம். இரண்டால் பெருக்கினால் 14. ஒரு அடி சேர்த்தால் 26. கொக்கியிலிருந்து றெக்கை மட்டம்வரை 26 அங்குலம் வேண்டும். ஆனால் பெட்டியோடு வந்த ராடு 10 அங்குலம். கவ்வி, மோட்டாரின் மேல்பாகம் எல்லாம் சேர்த்து அளந்தால் றெக்கை மட்டம் 16 அங்குலத்தில் நின்றது. 16-இல் 14 போனால் இரண்டு. ஏணியில் ஏறிப் பார்த்த அதே இரண்டு அங்குலம். ஆக இன்னும் பத்து அங்குலம் கூடுதல் நீளம் வேண்டும், அதாவது 20 அங்குல ராடு. கடையில் ஒரு அடி, ஒன்றரை அடி, இரண்டு அடி என்றுதான் கிடைக்கும், ஆகவே இரண்டு அடி ராடு வாங்கினோம். ஃபேன் அதேதான், கொக்கி அதேதான். சத்தம் போச்சு.

அளக்கும்போது ஒரு கவனம். ஓட்டின் அடிப்பாகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கைமரம் ஓட்டைவிடக் கீழே துருத்திக்கொண்டிருக்கும், றெக்கை முதலில் சந்திக்கப்போவது அதைத்தான். குறுக்கே விட்டமோ, ஷீட் கொட்டகையில் இரும்புச் சட்டமோ போனால் அதையும் கணக்கில் வையுங்கள். ஃபேன் அளவு மாறினால் பெருக்கும் எண்ணும் மாறும். 36 அங்குல ஃபேனுக்கு ஒன்றரை, 56 அங்குலத்துக்கு இரண்டே கால் தாண்டி.

முகட்டுக்கு நேர் கீழே மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்லை இரண்டு மடங்கு. அங்கே கூரை இரண்டு பக்கமும் இறங்குகிறது, கணக்கு அதேதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஆட்டம் குறையும் என்பது மட்டும் லாபம்.

எதில் தொங்கப்போகிறது?

ராடு நீளத்தைத் தப்பாகப் போட்டால் சத்தம் வரும். பிடிமானத்தைத் தப்பாகப் போட்டால் ஃபேனே தலைமேல் வரும். எனவே இதில் சிக்கனம் வேண்டாம். சாதாரண 48 அங்குல ஃபேன் நாலு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அது சும்மா தொங்குகிற நாலு கிலோ இல்லை. வருஷக்கணக்கில் சுற்றி, அதிர்ந்து, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிற நாலு கிலோ.

ஓட்டு வீட்டில் முதலில் தேடவேண்டியது குறுக்கே படுத்திருக்கும் விட்டத்தை. சுவருக்குச் சுவர் மட்டமாகப் போகிற பெரிய மரம் அது. அது அறைக்கு நடுவாக, போதுமான உயரத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதில் தொங்கவிடுங்கள். மட்டமான மரம் என்பதால் கொக்கியில் சாய்வுப் பிரச்சினை கிடையாது. விட்டம் இல்லை, அல்லது தாழ்வாக இருக்கிறது என்றால் அடுத்தது கைமரம். ரீப்பரில் மட்டும் கூடவே கூடாது. அது ஓட்டைத் தாங்க அடித்த சட்டம், ஃபேனைத் தாங்க இல்லை.

பழைய மரம் என்றால் முதலில் கரையான் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'டங்' என்று கெட்டியாகப் பேசும், உள்ளே அரித்த மரம் பொத்தல் சத்தம் கொடுக்கும். ஒரு மெல்லிய ஆணியைக் கையாலேயே அழுத்திப் பாருங்கள். வெண்ணெய்போல இறங்கினால் அந்த மரத்தில் பல்பு தொங்கவிடக்கூட நான் சம்மதிக்கமாட்டேன்.

கைமரத்தில் கொக்கி எப்படி? மரத்தில் முறுக்கி ஏற்றுகிற கொக்கி, வளைத்து அடித்த ஆணி இரண்டும் வேண்டாம். காய்ந்த மரத்தில் அதிர அதிர அந்தப் புரி தளரும். எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் செய்துகொடுத்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு அங்குல அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு இரும்புப் பட்டை. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. கைமரத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, கனமான போல்ட் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விட்டார். மரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டையை அதில் தொங்கவிட்டு வாஷர், நட், அதன்மேல் இன்னொரு நட். பட்டைகளின் கீழ்த்துளைகள் மரத்துக்குக் கீழே வந்து நிற்கின்றன. அங்கே இரண்டாவது போல்ட். அந்தப் போல்ட்டின்மேல் ஒரு துண்டு பைப்பைச் செருகிவிட்டார், போல்ட்டின் புரி ரப்பரை அறுத்துவிடாமல் இருக்க. ஃபேனின் ரப்பர் உருளை அந்தப் பைப்பில்தான் உட்காருகிறது.

பார்க்கச் சாதாரணம். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டைகள் மேல் போல்ட்டில் ஊஞ்சல்போல ஆடக்கூடியவை. மரம் சாய்ந்திருந்தாலும் அவை தாமாக நேர்க்குத்துக்கு வந்துவிடும். போல்ட் மரத்துக்குள் போயிருப்பதால் பிடிமானம் சரிவில் நழுவி இறங்கவும் வழியில்லை. மரத்தைச் சுற்றிப் போடுகிற யு கிளாம்பில் இதுதான் ஆபத்து. இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், ஆறு மாதத்தில் மரம் காய்ந்து சுருங்கினால் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இறங்கும், பிறகு இன்னொரு நூல். யு கிளாம்புதான் கிடைத்தது என்றால், அது இறங்கமுடியாதபடி கீழ்ப்பக்கத்தில் மரத்தில் ஒரு தடுப்பு போல்ட் போட்டுவிடுங்கள்.

ஷீட் கொட்டகையில் பிடிமானம் இரும்பு. ஷீட்டில் எதையும் தொங்கவிடக்கூடாது, ஷீட்டைப் பிடித்திருக்கிற ஜே போல்ட்டிலும் கூடாது. அது காற்றில் ஷீட் பறக்காமல் இருக்கப் போட்டது. அதிலும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் டிரில் பக்கமே போகவேண்டாம், துளைக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஷீட்டுக்குக் கீழே முகட்டுக்கு இணையாக ஓடுகிற பைப்பைப் பாருங்கள். உருண்டை பைப் என்றால் வேலை சுலபம். யு போல்ட்டைப் பைப்பைச் சுற்றித் திருப்பி நேர்க்குத்தாக வைத்து இறுக்கிவிடலாம். சதுர பைப் என்றால் கவனம். அது பெரும்பாலும் சரிவோடு சேர்ந்து சாய்ந்தே உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிப் போட்ட கிளாம்பின் அடிப்பாகமும் சாயும். ரப்பர் உருளை அதில் சறுக்கி, ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டு, அங்கேயே அரைபட்டுத் தேயும். இதற்குச் சுலபமான வழி, சரிவில் இறங்குகிற இரண்டு சட்டங்களுக்கு நடுவே, முகட்டுக்கு இணையாக ஒரு உருண்டை ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பை வெல்டிங் வைத்து, அதில் யு போல்ட் போடுவது. வெல்டிங் வைக்கும்போது கீழே மெத்தை, துணி, வைக்கோல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கூரை என்பதால் ஃபேனின் எர்த் வயரை ஒழுங்காக இணைப்பது இங்கே இரட்டை முக்கியம். ஒரு கசிவு வந்தால் கொட்டகை முழுதும் ஷாக் அடிக்கும்.

சரிவுக் கான்கிரீட்டில், கட்டும்போதே கம்பி கட்டுகிறவரிடம் சொல்லி ஃபேன் பாக்ஸ் வைத்துவிட்டால் நிம்மதி. அதன் கம்பி, கூரைக் கம்பிகளுக்கு மேலே கோத்துக் கட்டியிருக்கவேண்டும். மறந்துபோய்விட்டால் துளைபோட்டு ஆங்கர் போல்ட்தான். கூரை சாய்ந்திருப்பதால் எடை நேராக இழுக்காமல் கோணலாக இழுக்கும், அதனால் ஒற்றைப் போல்ட்டை நம்பாமல், நாலு போல்ட்டில் நிற்கிற தகட்டுக் கொக்கி கேளுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அழகுக்கு மட்டும். கொக்கி அதைத் தாண்டி மேலே உண்மையான கூரையில் இருக்கவேண்டும்.

எதில் மாட்டினாலும், மெல்லிய இரும்புக் கயிறு ஒன்றை ராடின் துளையில் கோத்துக் கூரையில் வேறொரு பிடியில் கட்டிவைப்பது நல்லது. கொக்கி என்றைக்காவது கைவிட்டாலும் ஃபேன் அரை அடியில் நின்றுவிடும். செலவு நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அறையில் எந்த இடம்?

ஒரே கூரை ஒரு பக்கமாக இறங்குகிற சார்பில் இந்தக் கேள்வி கூர்மையாகும். ஒரு உதாரணம் பாருங்கள். பத்து அடி அகலச் சார்பு. வீட்டுச் சுவர் பக்கம் 11 அடி உயரம், வெளிப்பக்கம் 7 அடி. பத்து அடியில் நாலு அடி இறக்கம் என்றால் அடிக்குக் கிட்டத்தட்ட 5 அங்குலம். எல்லாரும் செய்வதுபோல நடுவில் மாட்டினால் அங்கே கூரை 9 அடி. 48 அங்குல ஃபேனுக்குக் கொக்கியிலிருந்து றெக்கைவரை 22 அங்குலம் வேண்டும். றெக்கை தரையிலிருந்து 7 அடி 2 அங்குலத்தில் சுற்றும். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் விரல் போய்விடும். மின்சாதனப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் (ஐ.இ.சி. 60335-2-80) றெக்கை தரையிலிருந்து 2.3 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும் என்கிறது, அதாவது ஏழரை அடிக்குக் கொஞ்சம் மேலே.

ஃபேனை உயரமான சுவர்ப் பக்கம் ஒன்றரை அடி தள்ளிப்போடுங்கள். அங்கே கூரை 9 அடி 7 அங்குலம், றெக்கை 7 அடி 9 அங்குலத்துக்கு ஏறிவிடும். சுவருக்கும் றெக்கை நுனிக்கும் ஒன்றரை அடி மிஞ்சும், போதும். அல்லது 36 அங்குல ஃபேனுக்கு மாறுங்கள். அதற்கு 19 அங்குலம் இறக்கினால் போதும், சுவருக்கு இன்னும் நெருங்கியும் மாட்டலாம். உயரமான சுவரிலிருந்து 3 அடியில் மாட்டினால் றெக்கை 8 அடிக்கு மேலேயே நிற்கும். நடுவில் இல்லையே என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஏழரை அடி தேறவில்லையென்றால், சீலிங் ஃபேனை மறந்துவிட்டுச் சுவர் ஃபேன் வாங்குங்கள். பிடிவாதம் பிடித்து ராடைக் குறைக்கிறவர்கள்தான் கடைசியில் 'வுப் வுப்' கேட்கிறார்கள்.

உயரமான கூரையில் தவறு நேர் எதிராக நடக்கும். கூரை 14 அடி இருக்கும், கணக்குப்படி 26 அங்குல இறக்கம் போதும் என்று மாட்டிவிட்டு, கீழே காற்றே வரவில்லை என்பார்கள். 26 என்பது குறைந்தபட்சம்தான். மே மாதத்தில் ஷீட்டுக்கு அடியில் கையை நீட்டிப் பாருங்கள், அடுப்புமாதிரி இருக்கும். ஃபேனை அந்தச் சூட்டுக்குள்ளேயே வைத்தால் அதையே இறக்கி உங்கள் தலையில் கொட்டும். உயரம் இருந்தால் ராடை நீட்டி, றெக்கையை எட்டு, ஒன்பது அடிக்குக் கொண்டுவாருங்கள்.

ராடு நீண்டால் வருகிற சின்னச் சின்ன வேலைகள்

பெட்டியோடு வருகிற வயர் சின்ன ராடுக்குத்தான் எட்டும். நீள ராடுக்குள் துண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றி அனுப்புகிற பழக்கம் சிலருக்கு உண்டு, விடாதீர்கள். மோட்டாரிலிருந்து மேலே கனெக்டர்வரை ஒரே வயராக, எர்த்தோடு சேர்த்து மூன்று கோர், ராடுக்குள் ஜாயிண்ட் இல்லாமல் போகவேண்டும். ராடின் வாய் விளிம்பு கூர்மையாக இருந்தால் அரத்தால் தேய்த்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் வயரின் தோல் உரியும். வேலை தொடங்கும்முன் சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தபிறகுதான் கை வைக்கவேண்டும்.

ராடின் இரு முனையிலும் போல்ட்டுக்குக் காட்டர் பின் உண்டு. அதை நுழைத்துவிட்டு இரண்டு காலையும் எதிரெதிராக வளைத்திருக்கிறாரா என்று ஏணியில் ஏறியாவது பார்த்துவிடுங்கள். வளைக்காத பின் அதிர்வில் தானாக வெளியே வந்துவிடும்.

கொக்கியை மறைக்க ராடின் மேல் முனையில் வருகிற கிண்ணம் சாய்வில் ஒழுங்காக உட்காராது. ஒரு விளிம்பு கூரையில் முட்டும், மறு விளிம்பு வாயைப் பிளக்கும். அழகுக்காக அதை மேலே அழுத்தி இறுக்கினால் ராடு நேராகத் தொங்கமுடியாமல் ஃபேன் கோணும், கூடவே கடகடவென்று சத்தமும் வரும். முட்டாத அளவுக்குக் கிண்ணத்தைக் கீழே இறக்கி நிறுத்துங்கள். தெரிகிற சந்துக்குள் பல்லி போகாமல் கனெக்டரை மட்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள் மூடிவிட்டால் போதும்.

நீள ராடில் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். முதலில் பார்க்கவேண்டியது றெக்கைகளின் மட்டம். ஒரு கம்பை ஏணியில் கட்டி, அதன் நுனி ஒரு றெக்கையின் முனைக்கு நேராக வரும்படி வைத்துவிட்டு, ஃபேனைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். மற்ற றெக்கைகளும் அதே உயரத்தில் கடக்கவேண்டும். ஒன்று மட்டும் மேலேயோ கீழேயோ போனால் அதன் கை வளைந்திருக்கிறது. ஒரு பெட்டி றெக்கையை இன்னொரு பெட்டி ஃபேனில் மாட்டுவதும் ஆட்டத்துக்குக் காரணமாகும், மூன்றையும் எடை பார்த்து ஜோடி சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். மாட்டிப் பத்து நாள் கழித்து எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

விளக்கு

கயிற்றிலோ வயரிலோ தொங்குகிற விளக்குக்கு மேலே சொன்ன தூக்குக்குண்டுக் கணக்கே பொருந்தும், எடை குறைவு என்பதால் பிடிமானத்துக்கு அவ்வளவு மெனக்கெடவேண்டாம். கூரையோடு ஒட்டிப் பதிக்கிற எல்இடி விளக்குதான் வம்பு. கூரை சாய்ந்தால் விளக்கின் முகமும் சாயும். கீழே விழவேண்டிய வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழும், கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணிலும் அடிக்கும். பதிக்கிற விளக்குதான் வேண்டும் என்றால் முகத்தைத் திருப்பக்கூடிய மாடலாக வாங்கி, தரையைப் பார்க்கும்படித் திருப்பிக்கொள்ளுங்கள். ட்யூப்லைட் என்றால் கைமரங்களுக்குக் குறுக்கே, முகட்டுக்கு இணையாக மாட்டினால் மட்டமாக நிற்கும்.

சித்தப்பா வீட்டில் கடைசியாக மிஞ்சின தொல்லையும் விளக்குதான். புது ராடு போட்டதும் ஃபேன் அமைதியாகிவிட்டது, ஆனால் முகட்டுப் பக்கம் ஏற்கெனவே இருந்த பல்பு இப்போது றெக்கைக்கு மேலே போய்விட்டது. ராத்திரி ஃபேன் சுற்றினால் அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும். சித்தி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைவலி என்றார். பல்பை எடுத்துவிட்டு, சுவரில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, றெக்கை மட்டத்துக்குக் கீழே ஒரு ட்யூப்லைட்டை மாட்டினோம். பழைய பல்பு ஹோல்டர் இன்னும் முகட்டில் சும்மாதான் தொங்குகிறது, நேராக.